செக்யூரிட்டி ஆராய்ச்சியை விட்டு டேட்டா சயின்ஸ் கன்சல்டிங்குக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் செக்யூரிட்டியில் பிஎச்.டி. செய்பவர்களும் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களும் எனக்கு எழுதுகிறார்கள், திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். நானும் நெட்வொர்க் ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் இருந்தவள். இப்போது வங்கி, காப்பீடு, ஆன்லைன் வியாபாரம் என்று பல நிறுவனங்களுக்கு டேட்டா சயின்ஸ் ஆலோசகராக வேலை செய்கிறேன். கேள்விகளை வந்தபடியே போட்டிருக்கிறேன், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன். சட்டம், வரி, ஸ்டைபெண்ட் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கு மட்டும்.

அக்கா, கன்சல்டிங் என்றால் உண்மையில் என்ன வேலை? பிபிடி போடுவதுதானா?

பிபிடியும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது கடைசி நாள் வேலை. ஒரு நிறுவனம் ஏதோ ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: எந்த இன்சூரன்ஸ் கிளெய்மை ஆள் வைத்துச் சரிபார்ப்பது, எந்த வாடிக்கையாளர் கடனைக் கட்டாமல் போவார், எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு வைப்பது. அந்த முடிவுக்கு அவர்களிடம் இருக்கும் தரவு உதவுமா, உதவுமென்றால் எப்படி என்று சொல்லி, பெரும்பாலும் செய்தும் கொடுப்பதுதான் வேலை. நேரத்தில் பாதிக்கு மேல் அந்தத் தரவு யார் கையில் இருக்கிறது, இந்த நெடுவரிசையில் இருக்கும் எண் உண்மையில் எதைக் குறிக்கிறது என்று ஆளாளுக்கு போன் போட்டுக் கேட்பதிலேயே போகும். மாடல் (தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணித்துச் சொல்லும் நிரல்) என்பது அதற்கெல்லாம் அப்புறம்.

நான் படித்தது செக்யூரிட்டி. டேட்டா சயின்டிஸ்ட் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

செக்யூரிட்டியில் எது என்பதைப் பொறுத்தது. மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) வகைப்படுத்துதல், ஊடுருவல் கண்டறிதல், ஸ்பேம், இணைய அளவீடு என்று வேலை செய்தவர்கள் ஏற்கெனவே இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், பெயர்தான் வேறு. லாக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவருக்குக் குப்பைத் தரவு பயம் தராது.

கிரிப்டோகிராஃபி, ஃபார்மல் வெரிஃபிகேஷன் (நிரல் சரியென்று கணித முறையில் நிரூபிப்பது) பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நிகழ்தகவும் நிரூபணமும் கைவந்த கலை, ஆனால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘என்ஏ’, ‘நில்’, ‘01-01-1900’ மூன்றும் கலந்து கிடக்கும் அட்டவணையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஆறு மாதம் அழுக்குத் தரவில் கை நனைத்துவிட்டு வருவது நல்லது.

அப்படியானால் புதிதாக எதைப் படிக்க வேண்டும்? டீப் லர்னிங்கா?

அது கடைசியில். முதலில் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி), அதுவும் செலக்ட், ஜாயின் அளவில் நிற்காமல் விண்டோ ஃபங்ஷன் வரை. லேபில் நமக்கு எல்லாம் ஒரே பிகேப் கோப்பாக (நெட்வொர்க் போக்குவரத்தின் பதிவு) வந்துவிடும், நிறுவனத்தில் அதே விஷயம் பல அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும், அதில் இரண்டு ஒன்றுக்கொன்று முரண்படும், எது சரி என்று தெரிந்தவர் போன வருடமே வேலையை விட்டுப் போயிருப்பார்.

அடுத்தது, நம் ஆட்கள் உண்மையிலேயே பலவீனமாக இருக்கும் இடம்: காரண காரியம். செக்யூரிட்டியில் ‘இது தாக்குதலா இல்லையா’ என்று கேட்டுப் பழகிவிட்டோம். வியாபாரத்தில் பாதிக் கேள்விகள் ‘இதைச் செய்ததால்தான் அது நடந்ததா’ என்பவை. தள்ளுபடி கொடுத்ததால் விற்பனை கூடியதா, தீபாவளி வந்ததால் கூடியதா? ஏ/பி சோதனையை (ஆட்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மாற்றத்தைக் கொடுத்து ஒப்பிடுவது) எப்படி வடிவமைப்பது, சோதனை செய்ய முடியாதபோது என்ன செய்வது என்பதை முறையாகப் படியுங்கள். சாதாரண ரெக்ரெஷனை (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை) ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொள்வதும் இதில் அடக்கம். கூடவே மார்ஜின், வொர்க்கிங் கேப்பிட்டல் போன்ற கணக்குச் சொற்கள் கொஞ்சம்.

நம்மிடம் இருப்பது, சாதாரண டேட்டா சயின்ஸ் ஆட்களிடம் இல்லாதது என்று ஏதாவது இருக்கிறதா? இன்டர்வியூவில் என்ன சொல்வது?

இருக்கிறது. முதலாவது, அரிதாக நடப்பதைத் தேடும்போது கணக்கு எப்படிக் காலை வாரும் என்பது நமக்கு உடம்பில் ஊறிய விஷயம். செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் ஸ்டெஃபான் ஆக்சல்சன் 1999-இல் ஊடுருவல் கண்டறிதலைப் பற்றி எழுதியது இதைத்தான். ஒரு கட்டண நிறுவனத்தில் தினம் 10 லட்சம் பரிவர்த்தனை, அதில் 100 மோசடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் மோசடியில் 99 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல பரிவர்த்தனையில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க அருமை. ஆனால் தினம் 99 உண்மையான அலாரத்தோடு ஏறக்குறைய 10,000 பொய் அலாரமும் வரும், அதாவது நூறு அலாரத்தில் ஒன்றுதான் நிஜம். சரிபார்க்க ஐந்து பேர் இருந்து ஆளுக்கு 60 பார்த்தாலும் நாளைக்கு 300தான் முடியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘துல்லியம் எத்தனை’ என்பதே இல்லை, ‘முதல் 300 அலாரத்தில் எத்தனை நிஜம்’ என்பது. கிளையன்ட்டின் முன்னால் இந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டினால் பேச்சே மாறிவிடும்.

இரண்டாவது, தரவு நம்மை ஏமாற்றும் என்ற சந்தேகம். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பாவுக்காக எம்ஐடி லிங்கன் லேப் தயாரித்த 1999 ஊடுருவல் தரவை மஹோனியும் சானும் 2003-இல் அலசினார்கள். பாக்கெட்டின் டிடிஎல் (இன்னும் எத்தனை ரூட்டரைத் தாண்டலாம் என்ற எண்) மதிப்பு 126, 253 என்றால் தாக்குதல், 127, 254 என்றால் பெரும்பாலும் சாதாரணப் போக்குவரத்து என்று சும்மாவே பிரிக்க முடிந்தது, தரவைச் செயற்கையாக உருவாக்கிய முறையின் மிச்சம் அது. மாடல் தாக்குதலைக் கற்கவில்லை, லேபின் அமைப்பைக் கற்றுக்கொண்டது. இதே கதை நிறுவனங்களில் தினமும் நடக்கிறது: வாடிக்கையாளர் விலகுவதை அற்புதமாகக் கணிக்கும் மாடலைத் திறந்து பார்த்தால், அவர் விலகிய பிறகு மட்டுமே நிரப்பப்படும் ஒரு நெடுவரிசை உள்ளே உட்கார்ந்திருக்கும். இதை முதல் வாரத்திலேயே மோப்பம் பிடிப்பவருக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, எதிரி. வானிலை உங்கள் மாடலைப் படித்துவிட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளாது, மோசடிக்காரன் மாற்றிக்கொள்வான். இதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

என் மால்வேர் மாடலுக்கு 99.8 சதவீதம் துல்லியம் வந்தது. ரெஸ்யூமேயில் அதை முதலில் போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன கணக்கைத் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணே உங்களுக்கு எதிராகத் திரும்பும். யூஸ்நிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் 2022-இல் வந்த ஓர் ஆய்வு, துறையின் முன்னணி மாநாடுகளில் வந்த 30 பேப்பர்களை எடுத்து 10 வகைத் தவறுகளுக்காகச் சோதித்தது. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று இருந்தன. நம் துறையே இப்படி இருக்கும்போது 99.8-ஐ யார் நம்புவார்கள்?

பழைய மாதிரிகளில் பயிற்சி கொடுத்து அடுத்த வருட மாதிரிகளில் சோதித்தீர்களா, அப்போது எவ்வளவு விழுந்தது, ஏன், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஆண்ட்ராய்டு மால்வேரில் காலத்தைக் கலந்துவிட்டுச் சோதிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்று 2019-இல் டெசராக்ட் என்ற ஆய்வு விரிவாகக் காட்டியது, படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். விழுந்த எண்ணை மறைக்காமல் எழுதுகிற ரெஸ்யூமே எனக்கு வந்தால் அதைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

கேகிள் ரேங்க், சான்றிதழ், சிஐஎஸ்எஸ்பி, இதெல்லாம் வேண்டுமா?

கேகிள் (டேட்டா சயின்ஸ் போட்டிகள் நடக்கும் இணையதளம்) கைப்பழக்கத்துக்கு நல்லது, ஆனால் அங்கே கேள்வியும் மதிப்பெண் முறையும் தயாராக வரும், கன்சல்டிங்கில் அந்த இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் வேலை. சிஐஎஸ்எஸ்பி என்ற செக்யூரிட்டிச் சான்றிதழுக்கு ஐந்து வருட வேலை அனுபவம் கேட்பார்கள், இந்தப் பக்கம் வருகிறவருக்கு அது தேவையில்லை.

பலர் கவனிக்காத ஒன்று: பெரிய கிளையன்ட்கள் தரவைக் கொடுக்கும் முன் ஒரு நீண்ட பாதுகாப்புக் கேள்வித்தாள் அனுப்புவார்கள். ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்புத் தரச் சான்று) உண்டா, குறியாக்கம் எங்கே, யாருக்கு அணுகல் என்று பக்கம் பக்கமாக. சின்ன நிறுவனங்களில் அதைப் பார்த்தாலே ஆள் ஓடுவார்கள். நீங்கள் அதை ஒரு மதியத்தில் நிரப்பிக் கொடுத்தால் ஆபீஸில் உங்கள் மரியாதையே வேறு.

ஸ்டைபெண்ட் போதவில்லை, வீட்டில் அழுத்தம். பிஎச்.டி.யைப் பாதியில் விட்டுவிட்டு வரலாமா?

2023-இல் உயர்த்திய பிறகும் ஜேஆர்எஃப் (முதல் இரண்டு வருட ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (அதற்குப் பிந்தையது) 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனியாக வந்தாலும் சென்னையிலோ பெங்களூரிலோ குடும்பத்துக்கும் அனுப்ப வேண்டியவருக்கு அது இழுபறிதான். ஆகவே ‘கஷ்டப்பட்டாவது முடி’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நான் பார்த்தவரை, தீசிஸ் எழுதுவது மட்டும் பாக்கி என்றால் முடித்துவிட்டு வாருங்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு இரவில் எழுதி முடிக்கிறேன் என்றவர்களில் பலர் முடிக்கவில்லை. முதல் இரண்டு வருடத்தில், தலைப்பே இன்னும் பிடிபடாமல் இருந்தால், எம்.எஸ். பட்டமாக மாற்றிக்கொண்டு வெளியே வர உங்கள் நிறுவனத்தில் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கன்சல்டிங் நிறுவனங்கள் ‘டாக்டர்’ என்ற முன்னொட்டுக்குப் பணம் தருவது குறைவு. கிளையன்ட்டிடம் அறிமுகப்படுத்தும்போது மட்டும் அழுத்திச் சொல்வார்கள்.

கைடிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்வாரே.

கோபித்துக்கொள்ளலாம், ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அடுத்தவர் வாய்வழியாக அவருக்குப் போகும் முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். போகும்போது பாக்கிப் பேப்பர்கள் எந்த நிலையில் உள்ளன, கோடு எங்கே இருக்கிறது, யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போங்கள். பல கைடுகளின் கவலை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேருவதா, நேரடியாகத் தனியாக ஆரம்பிப்பதா?

முதலில் வேலைக்குச் சேருங்கள். சென்னையில் லேட்டன்ட்வியூ, டைகர் அனலிட்டிக்ஸ், பெங்களூரில் மியூ சிக்மா என்று இந்தத் தொழிலையே செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன, நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களிலும் அனலிட்டிக்ஸ் பிரிவு உண்டு. எப்படி விலை சொல்கிறார்கள், எப்படி வேலையின் எல்லையை எழுதுகிறார்கள், கிளையன்ட் கத்தினால் என்ன செய்கிறார்கள் என்பதை அடுத்தவர் செலவில் பார்த்துக்கொள்ளலாம்.

தனியாகப் போனால், சேவை வருமானம் வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் நம் ஊரில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அப்புறம் பில்லில் 18 சதவீதம் சேர்க்க வேண்டும். தொழில்முறைக் கட்டணம் என்றால் கிளையன்ட் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்துகொள்ளுங்கள், சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் 45 என்கிறது, பெரிய நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் பிரிவு ‘அடுத்த சைக்கிளில் பார்க்கலாம்’ என்கிறது. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இறங்காதீர்கள்.

எவ்வளவு கேட்பது? நாள் கணக்கா, மொத்தமாகவா?

தரவைப் பார்க்காமல் மொத்தத் தொகை சொல்லாதீர்கள். முதலில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு சின்ன வேலை, நிலையான தொகைக்கு: தரவைப் பார்ப்பது, கேள்விக்கு அது பதில் சொல்லுமா என்று அறிக்கை தருவது, அவ்வளவுதான். அதன் பிறகு பெரிய வேலைக்கு விலை. இதற்கே ஒத்துக்கொள்ளாத கிளையன்ட் பின்னால் எப்படி இருப்பார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பிரிவை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வரம்பில்லாத பொறுப்பு என்று எழுதியிருந்தால், நீங்கள் வாங்கும் கட்டணத்தின் அளவுக்காவது அதை வரம்புக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

‘இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கிளையன்ட் ‘ஆமாவா, இல்லையா’ என்று நிற்கிறார். என்ன செய்வது?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், கோடிங்கில் யாரும் தடுமாறிப் பார்த்ததில்லை. பேப்பரில் ரிவியூவர் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்போம். கிளையன்ட்டுக்கு வியாழக்கிழமை போர்டு மீட்டிங், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவர் ஏதோ ஒரு முடிவு எடுக்கத்தான் போகிறார். உங்களுடைய அறுபது சதவீத உறுதி அவருடைய வெறும் ஊகத்தைவிட மேல்.

ஆகவே இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: ‘இப்போது கையில் இருப்பதை வைத்து ஆமாம். இந்த ஒரு விஷயம் தப்பென்று தெரிந்தால் என் பதில் மாறும். அதைச் சரிபார்க்க இரண்டு வாரம் ஆகும், நீங்கள் இப்போது எடுக்கும் முடிவைத் திரும்பப் பெற முடியுமென்றால் காத்திருக்க வேண்டாம்.’ திரும்பப் பெற முடியாத முடிவு என்றால் காத்திருக்கச் சொல்லுங்கள், பிடிவாதமாகவே சொல்லுங்கள். எங்கே சந்தேகத்தை விட வேண்டும், எங்கே விடக்கூடாது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

மோசடி மாடல் போட்டுக் கொடுத்தோம், மூன்று மாதம் நன்றாக ஓடியது, இப்போது மோசமாகிவிட்டது. மோசடிக்காரர்கள் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் கிளையன்ட் நம்பவில்லை.

நம்பாததில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் வேறு காரணமும் இருக்கலாம். மாடல் எதைத் தடுத்ததோ அதற்கு உண்மையான விடை உங்களுக்குக் கிடைக்காது. தடுக்கப்பட்ட பரிவர்த்தனை மோசடியாகத்தான் முடிந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அடுத்த முறை பயிற்சி கொடுக்கும்போது அதை மோசடி என்றே எண்ணிச் சேர்த்துவிடுகிறோம், இல்லாவிட்டால் தரவிலிருந்தே விட்டுவிடுகிறோம். இரண்டுமே மாடலைத் தன் முடிவையே தான் கற்க வைக்கும். அதோடு கார்டு மோசடியில் வாடிக்கையாளர் புகார் கொடுத்து உறுதியாக வாரக்கணக்கில் ஆகும், ஆகவே ‘சமீபத்தில் மோசடி குறைந்திருக்கிறது’ என்று வரைபடம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், புகார்கள் இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு வழி: மாடல் தடுக்கச் சொல்வதில் ஒரு சிறு பங்கை, தொகைக்கு வரம்பு வைத்து, குலுக்கல் முறையில் விட்டுப் பார்ப்பது. ‘தெரிந்தே மோசடியை விடுவதா’ என்று ரிஸ்க் பிரிவு குதிக்கும். அந்த இழப்பு மாதம் எவ்வளவு, அது இல்லாவிட்டால் நல்ல வாடிக்கையாளர் எத்தனை பேரைத் தடுக்கிறோம் என்றே தெரியாமல் போகும் என்று இரண்டையும் ரூபாயில் எழுதிக் காட்டுங்கள். மோசடிக்காரர்கள்தான் மாறினார்களா, மாடல் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டதா என்று அந்தச் சின்னப் பங்குதான் சொல்லும். இதை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் பிற்பாடு இந்த வாக்குவாதமே வராது.

கிளையன்ட் டேட்டாவில் ஒரு பேப்பர் போடலாமா? பெயர், போன் நம்பர் எல்லாம் எடுத்துவிடுகிறேன்.

செக்யூரிட்டி படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்களே! லட்டான்யா ஸ்வீனி 1997 வாக்கிலேயே, பெயர் நீக்கிய மருத்துவத் தரவையும் வாக்காளர் பட்டியலையும் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றை வைத்துப் பொருத்தி, மாசசூசெட்ஸ் கவர்னரின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். நாராயணனும் ஷ்மாட்டிகோவும் 2008-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டிக்காகப் பெயர் நீக்கி வெளியிட்ட தரவில், எட்டுப் படங்களின் மதிப்பீடும் தோராயமான தேதியும் தெரிந்தால், அதில் இரண்டு தப்பாக இருந்தாலும், 99 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அந்தப் பயத்தில் இருக்கும் கிளையன்ட்டின் சட்டப் பிரிவு உங்கள் பேப்பருக்குச் சம்மதிக்காது. முறையை எழுதுங்கள், பொதுவில் கிடைக்கும் தரவில் சோதித்துக் காட்டுங்கள், அப்போதும் கிளையன்ட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு.

வேலை பார்க்கும்போது கிளையன்ட் சிஸ்டத்தில் ஓட்டை கண்ணில் பட்டது. பழைய பழக்கத்தில் கை துறுதுறுக்கிறது. சோதித்துப் பார்க்கலாமா?

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கொடுத்த அனுமதி குறிப்பிட்ட அட்டவணைகளைப் படிக்க மட்டும்தான். அதைத் தாண்டி ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள் வரும், மூன்று வருடம் வரை சிறை. நல்லெண்ணத்தில் செய்தேன் என்பதைக் கோர்ட்டில் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

பார்த்ததை, பார்த்த அளவில், உங்கள் தொடர்பாளருக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கும் நகல் போகட்டும். ஏற்கெனவே யாரோ உள்ளே புகுந்த அடையாளம் தெரிந்தால் அவசரம் இன்னும் அதிகம்: மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவங்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கிளையன்ட் நிறுவனம் செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் திங்கட்கிழமை சொல்லலாம் என்று இருந்துவிட்டால் அவர்களுக்குத்தான் சிக்கல்.

கேட்டது மெஷின் லர்னிங், ஆனால் ஒரு எஸ்கியூஎல் குவரி போதும் என்று தெரிகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ?

அந்த வேலை சின்னதாகும், அடுத்த வேலை வரும். மேலே சொன்ன அந்த முதல் சின்ன வேலையின் அறிக்கை இதற்காகத்தான். எதிரே இருப்பவர் ஏற்கெனவே தன் மேலிடத்தில் ‘ஏஐ கொண்டுவருகிறோம்’ என்று சொல்லித் தொலைத்திருப்பார், அவரை எல்லார் முன்னாலும் சங்கடப்படுத்தாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். குவரியை முதல் கட்டம் என்று வைத்து ஓட்டலாம், அதைவிட மாடல் எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்று அளந்த பிறகு மாடலுக்குச் செலவு செய்யலாம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பக் கல்லூரிக்குப் போக முடியுமா?

இரண்டு வருடத்துக்குள் என்றால் எளிது, அதற்கப்புறம் பேப்பர் பட்டியலில் விழும் இடைவெளியைத் தேர்வுக் குழு கேட்கும். வருடத்துக்கு ஒன்று, சின்ன வொர்க்‌ஷாப் பேப்பராவது, பழைய லேபோடு சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் கதவு முழுதாகச் சாத்தாது. நிரந்தரப் பேராசிரியர் வேலை வேண்டாம், பாடம் நடத்தினால் போதும் என்றால் யுஜிசி 2022-இல் கொண்டுவந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ வழி இருக்கிறது, பிஎச்.டி. கூடக் கட்டாயமில்லை, ஆனால் 15 வருடத் தொழில் அனுபவம் கேட்கிறார்கள், மொத்தமாக நான்கு வருடத்துக்கு மேல் தொடரவும் முடியாது. அதை நம்பி இப்போதே திட்டம் போட வேண்டாம். பழைய லேபின் வாராந்திர பேப்பர் வாசிப்புக் கூட்டத்துக்கு ஆன்லைனில் சேர்ந்துகொள்ள அனுமதி கேளுங்கள், பெரும்பாலான கைடுகள் மறுப்பதில்லை.